தாவரவியல் அறிஞர் டாக்டர் ஜானகி அம்மாள்

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில், உயிரியல் பாடம் எடுத்த மாணவியரின் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா? கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கும் நம் ஊரில் அந்த ஆசை சற்று அதிகமாகவே இருப்பதில் வியப்பில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் பாயசம். கிடைக்காவிட்டால், ஏதோ தோற்றுப்போனவர்கள் செய்யும் காரியம்போல, தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுகிறார்கள். தாவரவியலைத் தாமே விரும்பிக் கேட்டு, அதற்காகத் திருமணத்தையும் வேண்டாமென்று சொல்லிக் கப்பலேறிய ஒரு பெண்மணியின் வரலாற்றை அவர்களுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அந்த ஊர் நமக்கு அந்நியமானதன்று. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹேக்கும் தலைச்சேரிக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஜானகி சிறுமியாயிருந்தபோது மாஹேயில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. தலைச்சேரியோ ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது.

தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் மலபாரில் சப்-ஜட்ஜாக இருந்தவர். நீதிமன்ற வேலை முடிந்ததும் அவர் மனம் தோட்டத்துக்கும் பறவைகளுக்கும் போய்விடும். வட மலபார்ப் பறவைகளைப் பற்றி அவர் எழுதியும் இருக்கிறார். தாயார் தேவி குருவாயி. தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேய அதிகாரி. வீடு நிறையப் பிள்ளைகள். தந்தையின் இரு மணங்களிலும் பிறந்தவர்களைச் சேர்த்தால் ஒரு வகுப்பறையே நிரம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாய், தோட்டத்துச் செடிகளின் நடுவே ஜானகி வளர்ந்தார். தலைச்சேரியிலுள்ள சேக்ரட் ஹார்ட் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார்.

அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்தான். பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணுக்கு அடுத்தது கல்யாணம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விதி. ஜானகியின் சகோதரிகள் ஒவ்வொருவராக மணமாகிச் சென்றார்கள். ஜானகி சென்னைக்குச் சென்றார்.

சென்னையில் பெண்களுக்கென்று அரசினர் 1914இல் தொடங்கிய கல்லூரி, பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. அங்கே பட்டப் படிப்பை முடித்தார். பிறகு அதே கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் படித்து 1921இல் தேறினார். இரண்டுமே அரசாங்கக் கல்லூரிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். அக்காலப் பெண்ணுக்கு அதுவே பெரிய உத்தியோகம். அத்தோடு நின்றிருந்தால் நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்து, ஓய்வு பெற்று, மறக்கப்பட்டிருப்பார்.

அப்போதுதான் இரண்டு கடிதங்கள் ஒரே சமயத்தில் வந்ததுபோல ஆயிற்று. ஒருபுறம், உறவினர் ஒருவரோடு திருமணம் முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. மறுபுறம், அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகை. ஜானகி உதவித்தொகையை ஏற்றுக்கொண்டார். அதன் பின் அவர் மணம் செய்துகொள்ளவேயில்லை. எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை; இன்று படிப்பா திருமணமா என்று ஒன்றைத் துறக்க வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. அன்று இருந்தது. ஓர் இளம் பெண் அதைத் தாமே தீர்மானித்தார் என்பதுதான் வியப்பு.

அந்த உதவித்தொகையின் கதையும் கேட்கத் தக்கது. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு தனவந்தரின் கல்லூரியன்று. மாநில அரசின் ஆதரவில், குடியானவர் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று நடத்தப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம். 1870இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1896இல் சீனாவைச் சேர்ந்த இரு பெண்கள் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றார்கள். அவர்கள் தாயகம் திரும்பி நோயாளிகளுக்குச் செய்துவந்த சேவையை, அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரும் வழக்கறிஞருமான லீவை பார்பர் கிழக்கு நாடுகளில் பயணம் செய்தபோது கண்டார். ஆசியப் பெண்கள் வந்து படித்துத் தம் நாட்டுக்குத் திரும்பித் தொண்டு செய்ய வேண்டும் என்று 1917இல் நிதி ஏற்படுத்தினார். இரண்டு பெண்கள் ஒழுங்காகப் படித்ததன் பயன், உலகத்தின் மறு மூலையில் தலைச்சேரிப் பெண்ணுக்குக் கதவு திறந்தது.

1924இல் ஜானகி கப்பலேறினார். நியூயார்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பட்டுப் புடவையையும் நீண்ட கூந்தலையும் பார்த்து யாரோ ஓர் இந்திய இளவரசி என்று அவர்கள் எண்ணிக்கொண்டதாகவும், ஜானகியும் அதை மறுக்காமலே கரையேறியதாகவும் அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. உண்மை எவ்வளவோ, மாணவியருக்கு இந்தக் கதை பிடிக்கும் என்பதால் எழுதினேன்.

ஆன் ஆர்பர் என்னும் ஊரில், மார்த்தா குக் என்ற பெயருடைய பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தார். முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி மீண்டும் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆனால் மனம் நுண்ணோக்கியிலேயே இருந்தது போலும். மறுபடியும் பார்பர் நிதியின் ஆய்வாளராக மிச்சிகன் சென்று 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே என்று கூறுவர். அங்கே தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணே இவர்தான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று, அமெரிக்கப் பெண்கள் பலர் முன்பே பெற்றிருந்தார்கள். மிகைப்படுத்தாமலே இவர் புகழ் நிற்கும்.

அவர் எதைப் படித்தார்? உங்கள் ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேரின் நுனியை நறுக்கிச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டாகப் பிரியும் செல்லுக்குள் நூல் துண்டுகள்போலக் கிடப்பவைதாம் குரோமோசோம்கள். பரம்பரைக் குணங்களைச் சுமந்து செல்பவை அவையே. வெங்காயத்தில் 16, மக்காச்சோளத்தில் 20, நெல்லில் 24, கத்தரியிலும் 24. அவற்றை எண்ணுவதும், உருவத்தைப் பார்த்து வரைவதும், இரு செடிகளை ஒட்டுச் சேர்த்தால் அவை எப்படிக் கலக்கின்றன என்று ஆராய்வதுமான துறையில் அம்மையார் தேர்ச்சி பெற்றார். டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடி. அன்று நசுக்கிப் பார்க்கும் எளிய முறை பரவலாக வரவில்லை. வேர் நுனியை மருந்தில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு சீவலாகப் பார்க்க வேண்டும். கண் வலிக்கும், முதுகு வலிக்கும். ஒரு குரோமோசோமைத் தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

தாயகம் திரும்பியதும் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். அவர் பெயரை நம் பக்கத்தில் நிலைக்கச் செய்தது இந்த ஐந்தாண்டுகள்தாம்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை; கரணையை வெட்டிப் புதைக்கிறார்கள். கரணையிலிருந்து வருவது தாய்க்கரும்பின் அச்சு அசல். புதிய ரகம் வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், மகரந்தம் சேர வேண்டும், தூசுபோன்ற விதையை எடுத்து முளைக்க வைக்க வேண்டும். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும். அதனால்தான் 1912இல் அங்கே நிலையம் வைத்தார்கள். ஜாவாத் தீவிலிருந்து அந்நாளில் இந்தியா ஏராளமாகச் சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியாவில் பயிரான ஒல்லிக் கரும்பு தாக்குப்பிடிக்கும். ஆனால் விளைச்சல் குறைவு. தென்னாட்டுத் தடித்த கரும்பு இனிக்கும். ஆனால் வடக்கின் குளிரையும் நோயையும் தாங்காது.

ஆற்றங்கரையில் கேட்பாரற்று வளரும் நாணல் வகைக் கரும்பு ஒன்று உண்டு. பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். பட்டினத்தார் கையில் ஏந்தித் திரிந்ததாக வரும் அதே பெயர். சாறு கிடையாது, சப்பென்றிருக்கும். ஆனால் வெள்ளத்திலும் வறட்சியிலும் சாகாது. தடித்த கரும்பின் இனிப்பையும் இதன் உறுதியையும் ஒன்றாக்கினால்? பார்பர் என்னும் ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அதைச் செய்து, கோ 205 என்ற ரகத்தை 1918இல் உழவர் கையில் கொடுத்தார்கள். (உதவித்தொகை தந்த பார்பர் வேறு, இந்தப் பார்பர் வேறு.) இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே ஜானகி அம்மாள்தான் என்று பல கட்டுரைகளில் காணப்படுகிறது. கோ 205 வெளிவந்தபோது அவர் கல்லூரி மாணவி. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவருக்கும் மரியாதை.

அவர் செய்தது என்ன? அந்த ஒட்டுக் கரும்புகளுக்கு உள்ளே நடப்பது என்ன என்று பார்த்தார். தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள். நாணல் கரும்பிலோ இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. 40 உள்ளதும் உண்டு, 128 உள்ளதும் உண்டு. நெல்லுக்கு 24 எண்ணுவதே சிரமம் என்றால் நூற்றுக்கு மேல் எண்ணுவது எப்படி இருக்கும்! எந்த ஊர் நாணலில் எத்தனை, எதை எதனோடு சேர்த்தால் பிள்ளைக்கு எத்தனை வருகிறது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் இனக்கலப்புச் செய்பவர் இருட்டில் தடவாமல் வேலை செய்ய முடியும். கரும்பு புல் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அதே குடும்பத்தின் சோளம், தர்ப்பை இனப் புல், மக்காச்சோளம் ஆகியவற்றோடும் கரும்பைச் சேர்த்துப் பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினத்தைப் பற்றி 1938இல் அவர் வெளியிட்ட செய்தி உலக விஞ்ஞானிகளை வியக்க வைத்தது. சர் சி. வி. ராமன் தோற்றுவித்த இந்திய விஞ்ஞானக் கழகம் 1935இலேயே அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது.

ஆயினும் கோவை நாட்கள் இனிமையானவையாக இல்லை. ஆண்களே நிறைந்த இடத்தில் மணமாகாத ஒரு பெண், அதிலும் மேற்சாதி என்று சொல்லிக்கொள்ள முடியாதவர், அதிலும் தம்மைவிட அதிகம் படித்தவர் என்றால் சிலருக்குப் பொறுக்காது. 1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடிந்த சில நாட்களிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. கோவைக்குத் திரும்பவில்லை.

இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை உதவி ஆய்வாளராக இருந்தார். இரவில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போடும். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய், உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு நுண்ணோக்கி முன் அமர்வார். நம் நாட்டு அணிற்பிள்ளை ஒன்றை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்றும், அதற்குக் கப்போக், அதாவது இலவம்பஞ்சு, என்று பெயரிட்டிருந்தார் என்றும் சொல்கிறார்கள். தொலைதூரத்தில் தனியாக இருந்தவருக்கு அதுவாவது துணையாக இருந்ததே!

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், சி. டி. டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற அறிஞரும் ஜானகி அம்மாளும் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுதி நூலை வெளியிட்டார்கள். உலகில் மனிதன் பயிரிடும் செடிகளுள் ஆயிரக்கணக்கானவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை அதில் உள்ளது. செடி இனக்கலப்புச் செய்வோருக்கு அது வாய்ப்பாடு மாதிரி.

அடுத்து வைஸ்லி என்னுமிடத்திலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் 1951 வரை பணி. அங்கே அவர் கையாண்ட மருந்தைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். கோல்சிசின் என்பது அதன் பெயர். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டிப்பாகி இரு பக்கமும் இழுத்துச் செல்லப்படும் அல்லவா? கோல்சிசின் பட்டால் அந்த இழுப்பு நின்றுவிடும். இரட்டித்தவை ஒரே செல்லில் தங்கிவிடும். செடியின் குரோமோசோம் கணக்கு இரு மடங்காகும்; இலை தடிக்கும், பூவும் பருக்கும். இந்த மருந்துப் பொருள் எங்கோ ஐரோப்பியச் செடியில் மட்டும் இருப்பதன்று. நம் வேலிகளில் மழைக்காலத்தில் தீச்சுடர்போலப் பூக்கும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. கொடிய நஞ்சு, யாரும் தொட்டு வாயில் வைத்துவிட வேண்டாம். அம்மையார் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் இட்டு வளர்த்தார். அவற்றில் ஒரு வகை அவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளை இதழும் கருஞ்சிவப்பு மகரந்தத் தாள்களுமாக அது வைஸ்லியில் பூக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். செடியின் குரோமோசோமை எண்ணி நோயாளிக்கு என்ன லாபம் என்று பெற்றோர் கேட்கலாம். மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் பல்லாண்டுகள் புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். 46தான் என்று 1956இல் சரியாக எண்ணிக் காட்டியவர்கள் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர். இருவரும் மருத்துவர்கள் அல்லர். செடிகளின் குரோமோசோமில் பழகிய கைகள் அவர்களுடையவை. அவர்கள் பயன்படுத்தியவற்றில் அதே கோல்சிசினும் உண்டு. மூன்றாண்டு கழித்துப் பாரீசில், டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதை லெஜான் குழுவினர் அறிவித்தார்கள். அதற்கான திசு வளர்ப்பைப் பாடுபட்டு அமைத்தவர் மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். இன்று மருத்துவமனையில் குரோமோசோம் பரிசோதனை என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதன் வேர் வெங்காய வேரில் இருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் தாவர ஆய்வைச் சீரமைக்கப் பிரதமர் நேரு அம்மையாரை அழைத்தார். 1890இல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவர மதிப்பாய்வகம் அப்போது ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. அதைத் திருத்தி அமைக்கும் தனி அதிகாரியாக 1952இல் பொறுப்பேற்றார். அலுவலக வாசலைத் தாமே விளக்குமாறு எடுத்துப் பெருக்கினார் என்று உடன் பணியாற்றியவர்கள் நினைவுகூர்வதுண்டு. 1954இல் மதிப்பாய்வகம் புது உருப் பெற்றது. அதன் தலைமைத் தாவரவியலாளர் பதவி, தாவரங்களை இனம் பிரிப்பதில் பெரும்புலமை வாய்ந்த இயேசு சபைக் குரு சாந்தாபாவுக்குச் சென்றது. ஆங்கிலேயரின் கியூ தோட்டத்து வழியிலேயே மீண்டும் செல்கிறோமே என்று அம்மையார் வருந்தினார். இரண்டு பேருமே செடிகளுக்காக வாழ்ந்தவர்கள். இரண்டு வழிகளுக்கும் இடம் இருந்தது என்பது என் எண்ணம். அவருடைய ஏமாற்றத்தை மறைத்து எழுதுவது மட்டும் முறையாகாது.

இன்னொரு வருத்தம் அவர் மனத்தை அதைவிட ஆழமாகப் பாதித்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நாடெங்கும் காடுகளை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அஸ்ஸாமின் அந்தப் பக்கத்திலேயே ஒரே ஒரு மரமாக நின்ற அபூர்வமான மக்னோலியாவைக் காண, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து போனார். மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. இங்கிலாந்தில் மக்னோலியாவுக்குப் பாத்தி கட்டி மருந்திட்டு வளர்த்த கை, தம் நாட்டில் அதன் கரிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தது.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவருகிறான் என்பது பற்றி உலக அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். அங்கே அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் எளிய உழவர்களும் மலைவாழ் மக்களும் தம் தேவைக்கு மட்டும் பயிர் செய்து வாழும் முறையைப் பற்றி அவர் எடுத்துரைத்தார். எந்தச் செடி மருந்து, எந்தக் கிழங்கு உணவு என்று அம்மக்களுக்குத் தெரிந்ததை விஞ்ஞானிகள் கேட்டுக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மறு ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவிக்குச் சட்ட மேதை என்ற கௌரவப் பட்டம் அளித்தது. ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தன் முதலீட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்ட நாள் அது.

அலகாபாத்திலும் ஜம்முவிலும் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றிவிட்டு, டிராம்பே அணு ஆய்வு நிலையத்திலும் சில காலம் இருந்தார். ஜம்முவில் மருந்துச் செடிகளும் வாசனைப் புல் வகைகளும் அவர் கவனத்தைப் பெற்றன. 1970இல், தம் படிப்புத் தொடங்கிய சென்னைக்கே வந்து சேர்ந்தார். வயது 73. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம் அவரைக் கௌரவ விஞ்ஞானியாக ஏற்றது. நகருக்கு வெளியே மதுரவாயலில் அம்மையத்தின் கள ஆய்வகம் இருந்தது. இன்று அந்த வழியில் போனால் லாரியும் மேம்பாலமும்தான் கண்ணில் படும். அன்று அது கிராமம். அங்கேயே குடியிருந்து மருந்துச் செடிகளைப் பயிரிட்டார். மஞ்சள் நிறப் புடவை, எளிய உணவு, சுற்றிலும் பூனைகள். பூனைகளையும் சும்மா வளர்க்கவில்லை. குட்டிக்குக் குட்டி என்ன வேறுபாடு என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். மரபியல் படித்தவர் வீட்டுப் பூனைக்கும் ஓய்வில்லை! 1977இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எண்பதைத் தாண்டிய வயதில் மற்றொரு வேலை வந்து சேர்ந்தது. பாலக்காடு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், அமைதிப் பள்ளத்தாக்கு என்றொரு மழைக்காடு உண்டு. அதன் ஊடே ஓடும் குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். காடு நீரில் மூழ்கிவிடும். ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்து எழுந்தார்கள். அம்மையார் கொடி பிடிக்கும் வயதைக் கடந்தவர். தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்யும் ஆய்வில் இறங்கினார். ஒரு காட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காமல் அதை இழப்பது அவருக்குப் பொறுக்க முடியாத காரியமாயிருந்தது. ஷில்லாங் பக்கத்து மரம் அவர் நினைவை விட்டு நீங்கியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், 86ஆம் வயதில், மதுரவாயல் ஆய்வகத்தில் இருக்கும்போதே காலமானார். அணைத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. அவர் மறைந்த ஒன்பதாவது மாதம், நவம்பர் 15ஆம் நாள், அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1999 முதல், தாவரங்களையும் விலங்குகளையும் இனம் பிரித்து அறியும் துறையில் சிறந்து விளங்குவோருக்கு மத்திய அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் பெயர் பெற்ற ஒரு தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதன் நிறம், அவர் உடுத்திய புடவையைப் போலவே, மஞ்சள்.